ஏழடிக் கயிறு

முதல் முடிச்சைக் குடைக்கடைச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ராபியாக்கா இரண்டாவது முடிச்சை எதிரே நிற்கும் காரின் பக்கக் கண்ணாடிவரை இழுக்கிறார். கயிறு விறைத்து நின்றால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போவார். தொய்ந்தால் வண்டிக்காரரைத் தேடிக் கிளம்பிவிடுவார். காலையில் ஒரு முறை, லுஹர் தொழுகை முடிந்து ஒரு முறை, மாலையில் ஒரு முறை. சீசன் வந்துவிட்டால் நாள் முழுக்க இதே வேலை.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. கீழே கடைகள், மேலே குடித்தனங்கள். நடு ஊரில் வீடு, எல்லாம் காலடியிலேயே கிடைக்குமே என்று என் சொந்தக்காரர்களுக்குப் பொறாமை. கிடைக்கும்தான். பால், மாத்திரை, பிரியாணி எல்லாம் இரண்டே நிமிடம். ஆம்புலன்ஸ் மட்டும் உள்ளே வராது.

போன ஆண்டு மே மாதம் அதைக் கண்கூடாகப் பார்த்தோம். அக்காவின் கணவர் ஹபீப் முகமது கடையில் ஒரு குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. பத்து நிமிடத்தில் சந்து முனைக்கு வந்துவிட்ட ஆம்புலன்ஸ், அங்கேயே முப்பது நிமிடம் ஊளையிட்டுக்கொண்டு நின்றது. உள்ளே வரிசையாக வண்டிகள். எதற்கும் ஆளைக் காணோம். கடைசியில் கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆறுக்குட்டியும் இன்னும் மூன்று பேரும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். உயிர் நின்றது. பேச்சும் வலது கையும் போய்விட்டன. இந்த வாதம் திரும்பவும் தாக்கலாம், தாக்கினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரமே அக்கா துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார். அங்கே நின்ற ஆம்புலன்ஸைக் கண்ணாடியோடு சேர்த்து அளந்து, ஏழடி இடைவெளியில் இரண்டு முடிச்சுப் போட்டார். டிரைவர் சிரித்தாராம். கண்ணாடியை மடக்கிக்கொண்டால் ஆறரை அடி போதுமே என்றாராம்.

“சிரிங்க தம்பி, பரவால்ல,” என்றாராம் அக்கா. “அவசரத்துல மடக்கோணும்னு உங்களுக்கு நெனப்பு இருக்காதுங்க.”

அன்று வழியை மறித்து நின்ற வண்டிகளில் என்னுடைய பழைய வேனும் ஒன்று. நான் குன்னூருக்கு பஸ்ஸில் போயிருந்தேன். சாவி என் பையில் இருந்தது. அக்காவுக்கு இது தெரியும். இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

கணவரின் பழைய மழைக்கோட்டுதான் அவருக்கு யூனிஃபார்ம். இருபது வண்டி நம்பர்கள் மனப்பாடம். எந்த டிரைவர் எந்த லாட்ஜில் தூங்குவான் என்பதும் தெரியும். அளந்துகொண்டே நடுநடுவே நிமிர்ந்து, “ஏனுங்க” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். உடனே மாடி ஜன்னல் கம்பியில் எவர்சில்வர் டம்ளர் ஒரு தட்டுத் தட்டும். அதுதான் ஹபீப் பாயின் பதில். அதைக் கேட்டபிறகுதான் அடுத்த வண்டி.

இந்த ஆண்டு மலர்க் கண்காட்சி சனிக்கிழமை. மூடுபனி, தூறல், ஊரே ஹாரன். நான்கு நாட்களுக்கு முன்புதான் வேனைத் தள்ளிவிட்டு ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வாங்கியிருந்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தானே என்று சந்துக்குள் நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றேன். புத்தி எங்கே போயிற்றோ, தெரியவில்லை. அதற்குள் அக்கா கயிற்றோடு வந்துவிட்டார். எனக்கு முன்னால் திருச்சிக் கார் ஒன்று நின்றது. கயிறு தொய்ந்தது.

வண்டிக்காரர் எதிர் லாட்ஜிலிருந்து, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ரோடு என்ன உங்கள் வீட்டுச் சொத்தா என்றார். பிறகு என் காரைக் கைகாட்டினார். “அந்தா நிக்குதே, அதைக் கேக்க மாட்டீங்களா? வெளியூர்க்காரன்னா மட்டும் எளக்காரமா?”

“அதையுந்தாங்க கேக்கோணும். இந்த நுனியப் புடிங்க, அளந்துருவோம்.”

அவர் முறைத்துக்கொண்டேதான் பிடித்தார். என் காரிடம் கயிறு இன்னும் அதிகமாகத் தொய்ந்து, ஈரத் தரையைத் தொட்டது. யாருடையது இது என்று அக்கா சந்தில் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார். புது வண்டி, அவருக்கு எப்படித் தெரியும்? நான் காலி கிளாஸை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பயம்.

அக்கா நிமிர்ந்து, “ஏனுங்க” என்றார்.

டம்ளர் தட்டவில்லை.

“ஏனுங்க,” என்றார் மறுபடி, சற்று உரக்க. திருச்சிக்காரர் முடிச்சைப் பிடித்தபடியே ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். ஆறுக்குட்டி முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். அக்காவின் கட்டைவிரல் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை.

என் சட்டைப்பையில் இருந்த சாவியை அழுத்திவிட்டேன். இரண்டு முறை கீச்சிட்டு, விளக்குகளை மினுக்கி, சாம்பல் நிறக் கார் தன் சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்தது. சந்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், அக்காவைத் தவிர. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே டம்ளர் தட்டியது. மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

அக்கா மூச்சு விட்டார். திருச்சிக்காரர் கயிற்றைக் கொடுத்துவிட்டு, தன் வண்டியை எடுக்கப் போனார். அக்கா என் எதிரே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, கோபம் இருந்ததா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

“வண்டிய எடுத்துட்டு அளந்து பாத்துருங்க, பாண்டி. நான் மேல போயி அவரப் பாத்துட்டு வந்தர்றேன்.”

அந்தக் கயிற்றை அவர் யாரிடமும் விட்டுவிட்டுப் போனதில்லை. இரண்டு முடிச்சுகளையும் சேர்த்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, படியேறி ஓடினார்.