மூக்கம்மா செய்த டீ கேக்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூக்கம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கு வருவாள், நாற்காலியில் உட்காருவாள், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்து சமையலறைக்கு ஓடுவாள். அங்கே போய் என்ன செய்தாள் என்றால் ஒன்றும் இல்லை. மேடையில் மூடி வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்து பார்ப்பாள், மறுபடி மூடுவாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கே தலை சுற்றியது.

மூக்கம்மா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, டீத்தூள் கம்பெனியில் கொடுத்த பட்டம். நீள மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வாளியில் துப்பிவிட்டு, எந்தச் சரக்கு போகலாம், எது கூடாது என்று சொல்ல வேண்டியது அவள் வேலை. அந்த உறிஞ்சலைக் கேட்டுப் புது ஆட்கள் சிரிப்பார்கள். "இது புகை ஏறின தூள், திருப்பி அனுப்புங்க" என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். அவள் வேண்டாம் என்றால் மேனேஜரும் மறுபேச்சுப் பேச மாட்டார். நாக்குக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை, எல்லாம் மூக்கின் புண்ணியம்.

அந்த மூக்குதான் இப்போது இல்லை. காய்ச்சல் வந்தது, படுக்க வைத்தது, போகிற போக்கில் வாசனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இனிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, கசப்பும் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காப்பியும் வெந்நீரும் கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றுதான், ஒன்று கொஞ்சம் கசக்கும், அவ்வளவே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டினவரிடம்கூட மூச்சு விடவில்லை. உடம்பு அசதி என்று லீவை நீட்டிக்கொண்டே வந்தாள். அந்த லீவு இன்றோடு முடிகிறது. நாளைக் காலையில் அந்த மேஜை முன்னால் நின்றாக வேண்டும்.

அதனால்தான் இந்த கேக். உலர்ந்த திராட்சையையும் பேரீச்சையையும் ஆரஞ்சுத் தோலையும் சுடச்சுடக் கெட்டி டீயில் இரவெல்லாம் ஊற வைத்து, மறுநாள் முட்டை, சர்க்கரை, மைதா, சோடா மாவு சேர்த்து நீள டின்னில் ஊற்றி ஓவனில் வைக்கிற கேக். எசன்ஸ் கிடையாது, மசாலா கிடையாது. பழ வாசனைக்கு அடியில் டீ வாசனை பதுங்கி இருக்கும். அது தெரிந்தால் நாளைக்கு வேலைக்குப் போவது, தெரியாவிட்டால் மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. தனக்குத்தானே அப்படித்தான் கெடு வைத்துக்கொண்டாள். கெடு வைத்ததென்னவோ வைத்துவிட்டாள், மனசு ஒரு நிலையில் நின்றால்தானே!

டின் உள்ளே போனது. ஓவன் கண்ணாடிக்கு எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மூக்கைச் சுருக்கிச் சுருக்கி இழுத்தாள். சூடுதான் வந்தது. ஒருவேளை கண்ணாடி தடுக்கிறதோ என்று கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள். பாதி வேக்காட்டில் கதவைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் அவள்தான். அந்த அம்மாளே மூன்று தடவை திறந்தாள். கேக் கோபித்துக்கொண்டு நடுவில் பள்ளமாகிவிட்டது.

"ஆஹா, என்னா வாசனை!" என்று ஹாலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

அவளுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. அவருக்கு வருகிறதே, எனக்கும் வந்திருக்குமோ, நான்தான் கவனிக்கவில்லையோ? மறுபடி இழுத்தாள். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. எரிச்சலில் மூக்கை ஒரு தட்டுத் தட்டினாள்.

கேக்கை வெட்டி மூன்று தட்டில் வைத்தாள். தன் துண்டை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பு, ஈரம், பல்லில் ஒட்டுகிற பேரீச்சை. டீ? தெரியவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"பிரமாதம்" என்றார் வீட்டுக்காரர்.

"சூப்பர்மா" என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிற பெண், எதையும் போனைப் பார்த்துக்கொண்டே தின்கிறவள், இன்று தட்டைப் பார்த்தே தின்றாள்.

மாமியார் நிதானமாக மென்று விழுங்கினார். "நல்லா இருக்கும்மா. இன்னொரு துண்டு வை."

அங்கேதான் மூக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த மாமியார் வாயால் 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. ரசம் வைத்தால் நீர்த்துப் போச்சு, சட்னி அரைத்தால் நறநறங்குது. நடுவில் குழி விழுந்த கேக்குக்கு இன்னொரு துண்டா?

"ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாயிடுச்சோ?" என்று கேட்டாள். ஏலக்காய் அவள் போடவே இல்லை.

"லேசா தூக்கல்தான். ஆனா அதுவும் ஒரு ருசிதான்" என்றார் வீட்டுக்காரர், மகா புத்திசாலியாக.

"ஏலக்காய் போடவே இல்லைங்க."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. மகள்தான் தாங்க முடியாமல் கொட்டிவிட்டாள். "அம்மா, சோப்பு வாசனை அடிக்குதும்மா. ரோஜா சோப்பு. நான்தான் டீ பொட்டலத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன்."

அந்த வீட்டுக்குள் வாசனை சோப்பு நுழைந்ததே கிடையாது, அம்மாவின் மூக்குக்கு ஆகாது என்று. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை டீத்தூள் இழுத்துக்கொள்ளும் என்று அவளே ஆயிரம் தடவை பாடம் எடுத்திருக்கிறாள்.

"எத்தனை நாளா அந்த சோப்பைப் போடறே?"

"காய்ச்சல் விட்டதிலிருந்து. உங்க பக்கத்துலயே வந்து உட்கார்ந்தேன், நீங்க ஒண்ணும் சொல்லல."

"அப்போ உங்க எல்லாருக்கும் தெரியும்?"

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கு பால் அடிப்பிடிச்சு வீடே நாறுச்சு. நீ அடுப்புக்கிட்டயே நின்னுட்டிருந்தே. அப்பவே தெரியும். நீயா வாயைத் திறந்து சொல்வேன்னு பார்த்தோம்."

அவளுக்கு வந்ததே கோபம்! "அதுக்குன்னு சோப்பைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொல்வீங்களா? நான் அதை நம்பிக்கிட்டு நாளைக்குப் போய் அந்த மேஜையில நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? புகை ஏறின தூளைப் 'போகட்டும்'னு சொல்லியிருப்பேனே! நான் சொன்னா அங்கே யாரு எதிர்த்துக் கேட்பாங்க?" கத்திக்கொண்டே வந்தவள் பாதியில் உடைந்து போனாள். இரண்டு வாரமாக அடக்கி வைத்த அழுகை, நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதாள். யாரும் பக்கத்தில் வரத் துணியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மேனேஜர் எடுத்ததும், குசலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"சார், எனக்கு வாசனை போயிடுச்சு. நாளைக்கு நான் டேஸ்ட் பண்ண முடியாது. திரும்பி வருமா, எப்போ வரும், எனக்கே தெரியாது. வேற ஆளை நிறுத்துங்க."

அவர் "சரிம்மா, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். எதைப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு மாமியார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, இப்போ உண்மையைச் சொல்லுங்க. கேக் எப்படி இருக்கு?"

மாமியார் பிள்ளையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். பிறகு தட்டை நன்றாகத் தள்ளி வைத்தார்.

"வாயில வைக்க முடியலடி. குளியலறையை மென்னு தின்ன மாதிரி இருக்கு. அது போகட்டும், நடுவுல வேகவே இல்லை. திராட்சை எல்லாம் அடியில போய் உட்கார்ந்திருக்கு. சர்க்கரையாவது அளவா போட்டியா? அதுவும் இல்லை..."

மூக்கம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம், மேல சொல்லுங்க" என்றாள்.