செல்வரட்ணத்தாரின் டிசம்பர் கலியாணம்

செல்வரட்ணத்தாருக்கு வருடத்தில் நல்ல நாள் என்று ஒன்றுதான் உண்டு. அது தைப்பொங்கலும் இல்லை, சித்திரை வருடப்பிறப்பும் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்று. அன்றைக்கு நீங்கள் கலியாணமானவர் என்றால், வருமானமில்லாத மனைவிக்கான வரிக்கழிவை அந்த முழு வருடத்துக்கும் எடுக்கலாம். மிச்ச நாளெல்லாம் தனிக்கட்டையாகத் திரிந்திருந்தாலும் கனடா அரசாங்கம் ஒன்றும் கேட்காது. இந்தச் சட்டத்தை எழுதியவரைக் கண்டால் காலில் விழுவேன் என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் என் சகலன். என் மனைவியின் அக்கா சந்திரவதனாவைக் கட்டியவர். வெக்ஸ்போர்ட்டில் வீடு, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. பங்குனி பிறந்தால் எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் அவருடைய பேஸ்மென்றுக்குள் ரக்ஸ், அதான் வருமானவரிக் கணக்கு, செய்விக்கப் போவோம். காசு வாங்கமாட்டார். ஆனால் அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். காசு கொடுத்து வெளியில் செய்வித்தால் அதைவிட மலிவு.

ஒன்றைச் சொல்லவேண்டும், மனுசன் களவு செய்யமாட்டார். உதவிப்பணத்துக்காகப் புருசன் மேல்வீடு, பெண்சாதி பேஸ்மென்ற் என்று கடதாசியில் பிரிந்துவிட்டு ஒரே சட்டியில் சாப்பிடுகிற ஆட்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் ஒருத்தரையும் பிரிக்கிறேல்லை தில்லை, சேர்த்துத்தான் வைக்கிறனான்" என்பார் என்னைப் பார்த்து. சேர்த்து வைப்பதில் அவருக்கு இருந்த ஒரே நிபந்தனை, டிசம்பருக்குள் சேரவேண்டும் என்பதுதான். கொழும்பிலிருந்து தை மாதம் வரவிருந்த சொந்த மனைவியையே ரிக்கற்றை மாற்றி டிசம்பர் கடைசியில் இறக்கியவர். மெல்லிய சீலையோடு விமான நிலைய வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற அக்காவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்ல நேரத்தில வந்தனீர், முழு வருசத்துக்கும் எடுக்கலாம்." அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா. அது சிரிப்புத்தானா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஓர் ஆசை இருந்தது. ஒரே மகள் சிவானியின் கையைப் பிடித்து, நாலுபேர் பார்க்கத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும், தாரை வார்க்கிற நேரம் சாப்பாட்டு வரிசையை விட்டு ஓடிவந்து மணவறைக்குக் கிட்ட நிற்பார். செல்வரட்ணத்தார் சாப்பாட்டு வரிசையை விடுவதென்றால் சும்மா விசயமில்லை. கண்ணும் கலங்கும். "அந்த மண்டப ஏசி கூடிப்போச்சு" என்று கண்ணைத் துடைப்பார்.

சிவானி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ராகுலன் வந்தான். வங்கியில் கொம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம், நல்ல பெடியன். இரண்டு வீட்டுக்கும் விருப்பம். அடுத்த ஆவணியில் கலியாணம் என்று பேச்சு முடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிறு மத்தியானம், ராகுலனும் நாங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செல்வரட்ணத்தார் எலும்பைச் சூப்பிவிட்டுச் சொன்னார்:

"எழுத்தை டிசம்பருக்குள்ள எழுதிப்போடுவம்."

கலியாண எழுத்தும் தாலியும் வேறு வேறு நாளில் நடப்பது எங்களுக்குப் புதினமில்லை. பதிவை முதலில் செய்துவிட்டுத் தாலியைப் பிறகு கட்டுவோம். தாலி ஏறும்வரை அது கலியாணம் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. ஆனால் ரக்ஸுக்காக எழுத்து எழுதிய முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

"என்ன அவசரம் அப்பா?" என்றாள் சிவானி.

"உமக்கு இப்ப வருமானமில்லை. ராகுலன் உம்மடை பேரில முழுக் கழிவும் எடுக்கலாம். அடுத்த வருசம் நீர் வேலைக்குப் போனால் அது கிடையாது." பிறகு ராகுலனைப் பார்த்து, "நாங்கள் சீதனம் குடுக்கிற ஆக்கள் இல்லைத் தம்பி. ஆனா அரசாங்கம் தாறதை வேண்டாமெண்டு சொல்லக்கூடாது" என்றார்.

"மார்கழியிலயோ? மார்கழியில ஆரும் கலியாணம் செய்வினமே?" என்றா அக்கா.

"உது கலியாணம் இல்லையப்பா. கடதாசி. கடதாசிக்கு மார்கழி கிடையாது."

டவுன்ரவுனில் நகரசபைக் கட்டடத்தில்தான் கிறிஸ்மஸுக்குப் பிறகு ஓர் இடம் கிடைத்தது. புறப்படும்போதே செல்வரட்ணத்தார் சட்டங்களைச் சொல்லிவிட்டார். சீலை கட்டக்கூடாது. படம் எடுக்கக்கூடாது, படம் ஒன்று வெளியே போனால் ஆவணிக் கலியாணத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் வரத்தேவையில்லை, சாட்சிக்கு இரண்டுபேர் காணும். அந்த இரண்டுபேர் நானும் அக்காவும். சிவானி ஜீன்ஸும் குளிர் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு, பல்லுப் பிடுங்கப் போகிற ஆள் மாதிரிக் காரில் ஏறினாள்.

கட்டடத்துக்குக் கிட்டப் போனதும் பார்க்கிங் கட்டணப் பலகையைக் கண்டார். காரை உள்ளே விடவில்லை. "நீங்கள் இறங்கிப் போங்கோ. நான் இப்பிடியே ஒரு சுத்துச் சுத்தி வாறன்" என்றார்.

"அப்பா, நீங்கள் வரேல்லையா?"

"கையெழுத்துப் போட நான் என்னத்துக்குப் பிள்ளை? தாலி கட்டைக்க நிப்பன்தானே."

நாங்கள் உள்ளே போய், முடிந்து, வெளியே வந்து, பனிக்காற்றில் அவரைத் தேடிக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மணவறையைச் சுற்றவேண்டிய நேரத்தில், பொம்பிளையின் தகப்பன் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவுடன் கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியோ? திகதியை வடிவாப் போட்டவையோ?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் கதவை அடித்துச் சாத்தினேன். காருக்குக் கூடாது என்றார்.

ராகுலனுக்கு வரிக்காசு றீபண்டாகத் திரும்பி வந்தது. செல்வரட்ணத்தார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் வீட்டில் சட்டம் மாறவில்லை. சிவானி இரவு ஒன்பது மணிக்கு முதல் வீடு வரவேண்டும். ராகுலன் ஞாயிறு சாப்பாட்டுக்கு மட்டும் வரலாம். வந்தால் சோபாவின் ஒரு ஓரத்தில் அவன், மற்ற ஓரத்தில் அவள், நடுவில் செல்வரட்ணத்தார். வரித்திணைக்களத்துக்கு அவன் புருசன், வெக்ஸ்போர்ட்டில் விருந்தாளி.

இந்த இடத்தில் அரசாங்கத்தையும் ஒரு பிடி பிடிக்கவேண்டும். வரி வாங்கும்போது புருசன் பெண்சாதி இருவரும் அதற்குத் தனித்தனி ஆட்கள். உன் சம்பளத்தைப் பெண்சாதியோடு பங்குபோட்டுக் குறைத்துக் கட்டு என்று சொல்லுமா? சொல்லாது. ஆனால் உதவிப்பணம் கொடுக்கிற நேரம் வந்தால் திடீரென்று குடும்பப் பாசம் வந்துவிடும். இரண்டுபேர் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி, உங்களுக்கு மெத்தக் கூடிப்போச்சு, போய் வாருங்கள் என்று சொல்லும். வாங்கும்போது தனிக்குடித்தனம், கொடுக்கும்போது கூட்டுக்குடும்பம். செல்வரட்ணத்தாரும் இந்த அரசாங்கமும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றும்.

ஆடியில் அதுதான் நடந்தது. வருமானம் குறைந்த மாணவி என்று சிவானிக்கு அரசாங்கம் அனுப்பிக்கொண்டிருந்த ஜிஎஸ்ரி காசு நின்றுபோனது. ராகுலனின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அதே கிழமை செல்வரட்ணத்தார் இன்னொரு கண்டுபிடிப்போடு வந்தார். ஆவணியில் மண்டபம் நெருப்பு விலை. தை மாதம், பனிக்காலம், வியாழக்கிழமை என்றால் பாதி விலை. கலியாணத்தைத் தைக்குத் தள்ளுவோம் என்றார். நானும் என் மனைவியும் அப்போது அங்கேதான் இருந்தோம்.

சிவானி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "அப்பா, என்ர ஜிஎஸ்ரி காசை ஏன் நிப்பாட்டினவை?"

"நீர் கலியாணம் செய்திட்டீர்தானே. குடும்ப வருமானம் கூடிப்போச்சு."

"அப்ப நான் கலியாணம் செய்த ஆள்."

"ரக்ஸுக்குப் பிள்ளை. ரக்ஸுக்கு மட்டும்."

"கவர்ன்மென்ற்றுக்கு நாங்கள் ஒரே ஃபாமிலி. என்ர காசை வெட்டுறதுக்கு அவர் எனக்கு ஹஸ்பண்ட். ஆனா அவரோட ஒரு படம் பாத்திட்டுப் பத்து மணிக்கு வந்தா நீங்கள் கேற்றடியில நிக்கிறீங்கள். நான் ஆர் எண்டு நீங்கள் ஒருக்கா டிசைட் பண்ணுங்கோ அப்பா."

செல்வரட்ணத்தார் எவ்வளவு கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்! இதற்கு "தை வரைக்கும்தானே" என்றார்.

தைவரை அவள் நிற்கவில்லை. அடுத்த கிழமை ராகுலன் வந்து, "மாமா, நாங்கள் மோர்னிங்சைட்டில அப்பாட்மென்ற் எடுத்திட்டம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இரண்டு சூட்கேசைக் காரில் ஏற்றினான். செல்வரட்ணத்தார் வாசலில் குறுக்கே நின்றார். "தாலி கட்டாமல் ஒரு பொம்பிளைப்பிள்ளையை எப்பிடிக் கூட்டிக்கொண்டு போவீர்?" என்று கத்தினார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு சொன்னா: "விடுங்கோப்பா. நானும் தில்லையும்தான் சாட்சிக் கையெழுத்து வைச்சனாங்கள். கலியாணம் முடிஞ்சுது." முப்பது வருடத்தில் அக்கா அவரை மறித்துப் பேசி நான் கண்டது அன்றைக்குத்தான். அவர் விலகி நின்றார்.

தையில் மண்டபமும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை. "கோயிலிலயாவது ஒரு சின்னத் தாலி, இருபது பேரோட" என்று கெஞ்சிப் பார்த்தார். "இனி உது நாடகம் அப்பா. நாங்கள் கலியாணம் செய்து ஒரு வருசமாச்சு" என்றுவிட்டாள். சண்டையில்லை. ஞாயிறு சாப்பாட்டுக்கு இரண்டுபேரும் வருகிறார்கள், இப்போது சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். செல்வரட்ணத்தார் எதிரே கதிரையில் இருக்கிறார்.

இந்தப் பங்குனியில் என் கடதாசிகளைக் கொண்டு பேஸ்மென்றுக்குப் போனேன். மகளுடையதையும் மருமகனுடையதையும் கொம்பியூட்டரில் போட்டுக்கொண்டிருந்தார். விலாசம், மோர்னிங்சைட். மணமானவர், ஓம். அதோடு கை நின்றது. நான் பகிடி விட வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"தில்லை, அண்டைக்கு உள்ளுக்க என்ன நடந்தது?"

"எண்டைக்கு?"

"எழுத்தண்டைக்கு. படமும் இல்லை. உம்மட்டைத்தான் கேக்கவேணும்."

என் சகலன் ஒன்றை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. எரிச்சல்தான் வென்றது. உள்ளதைச் சொன்னேன்.

"பதிவு செய்யிற மனுசி தொடங்கலாமோ எண்டு கேட்டவ. சிவானி கொஞ்சம் பொறுக்கச் சொன்னவள். அப்பா பார்க் பண்ணிப்போட்டு வருவார் எண்டவள். நாங்கள் எல்லாரும் கதவைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். பிறகு அடுத்த சோடி வந்திட்டுது. அவள் அழேல்லை. ராகுலன் பொக்கற்றுக்குள்ள ஒரு மோதிரம் ஒளிச்சுக் கொண்டுவந்தவன். கையைப் பிடிச்சுக் குடுக்க ஆளில்லாமல் அவளே கையை நீட்டினவள்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்தார். பேஸ்மென்றில் ஏசி இல்லை.

"அண்ணை, அங்க பார்க்கிங் எவ்வளவு போட்டிருந்தவை?" என்று கேட்டேன்.

மத்திய வரி, மாகாண வரி, எந்த வருடம் எந்தக் கழிவு எவ்வளவு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுசன் கொம்பியூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது தில்லை," என்றார். "பலகையைக் கண்டவுடனை காரைத் திருப்பிப்போட்டன். வாசிக்கேல்லை."