சித்தப்பா பைக்கில் அரை எம்.எம்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பதினைந்து நாள் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் சொத்தும் இல்லை, சம்பந்தமும் இல்லை. சித்தப்பா பைக்கில் இருந்த உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு! இன்ஜினுக்கு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் அதற்கு சிலிண்டர் ஹெட் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தை அரை எம்.எம். சீவிவிட்டால் இன்ஜினுக்குப் பலம் கூடும், குகட்பள்ளிக்குப் பின்னால் இருந்த பாறைமேட்டில் பைக் ஆட்டுக்குட்டி போல ஏறும் என்பது சித்தப்பாவின் கட்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரும் நண்பர்களும் அங்கே போய் பைக் ஏற்றுவார்கள். நண்பர்கள் ஏறிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் வாராவாரம் விழுந்துகொண்டிருந்தார்.

அப்பா சனத்நகர் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் லேத் ஓட்டினார்; ஹெட்டைச் சீவித் தர வேண்டியவர் அவர்தான். சித்தப்பாவும் அங்கேதான், இன்ஸ்பெக்‌ஷனில். அப்பாவின் கட்சி வேறு.

"பாறையில ஏற வேகம் எதுக்குடா? நிதானமா இழுத்தா போதும். ஹெட்டைச் சீவினா சூடு ஏறும். இறக்கத்துல பிஸ்டன் பிடிச்சுக்கிச்சுன்னா சக்கரம் நின்னுடும். அப்புறம் உன்னைத்தான் சுரண்டி எடுக்கணும்."

"செய்ய மனசில்லன்னு சொல்லுங்கண்ணா," என்று சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வீட்டை விட்டே போனார். அன்றிலிருந்து ஈரானி ஹோட்டல் பன்னும் டீயும்தான் அவருக்குச் சாப்பாடு. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதப் போகிறார் என்றும் செய்தி வந்தது. அம்மா உடைந்துபோனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டவள் அவள். "போயும் போயும் ஒரு மூடிக்காகக் கூடப் பிறந்தவனை அனுப்பிடுவீங்களா?" என்று அப்பாவைக் கேட்டு அழுதாள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தொழிற்சாலை மெஷினில் சொந்த வேலை செய்து கேட்டில் மாட்டினால் வேலை காலி. ஆனாலும் எங்கள் காலனியில் பாதி வீட்டு முறுக்கு அச்சும் கதவுக் கொண்டியும் டிபன் கேரியரின் அடித்தட்டில் படுத்து வெளியே வந்தவைதான். அப்பா மட்டும் அங்கிருந்து ஓர் ஆணிகூடக் கொண்டுவந்ததில்லை. அம்மாவுக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். சித்தப்பா ஹெட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமை காலை அப்பா டிபன் கேரியரோடு ஷிப்டுக்குப் போனார்; ஹெட் அதன் அடித்தட்டில் போகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மத்தியானம் அம்மா என்னை அரிசி அளந்து வரச் சொன்னாள். டிரம்முக்குள் கையை விட்டால் ஏதோ காகிதப் பொட்டலம். பிரித்தால், அடக் கடவுளே, அந்த ஹெட்! சத்தம் போடாமல் மறுபடி புதைத்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா கொல்லையில் உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அதைப் பளபளவென்று தேய்த்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். "பாப்பா, மூச்சு விடக் கூடாது." பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் அதே கையால் முதுகில் வாங்கியிருந்தேன். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர் என்று தொழிற்சாலையில் அவருக்குப் பெயர். அப்பா செய்த வேலையையே இரண்டு முறை திருப்பியிருக்கிறார். வெர்னியர் அளவுகோலை வைத்து ஹெட்டை அளந்தார். புரட்டி வைத்து இன்னொரு முறை அளந்தார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, மாட்டினோம் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"ஹவ்ண்ணா, ஆமா, கரெக்டா அரை எம்.எம்.," என்றார் சித்தப்பா. "அண்ணி, சாப்பாடு போடுங்க."

அப்படியானால் அரை எம்.எம். அலுமினியத்தை அரிசிதான் தின்றிருக்க வேண்டும். வேறு வழியே தெரியவில்லை எனக்கு. அன்று ஒவ்வொரு பருக்கையையும் பயந்து பயந்து மென்றேன்.

மறுநாள் சித்தப்பா ஹெட்டை மாட்டி, பாறைமேட்டுக்கு எங்களையும் அழைத்துப் போனார். மூன்று முறை ஏறப் பார்த்தார். மூன்றாம் முறை உச்சிக்கு நாலடி கீழே பைக் சறுக்கி, முழங்கை கிழிந்து கீழே வந்தார். "ஹெட் கட்டிங்கெல்லாம் பேகார், தண்டம், மியா! உன் அண்ணன் வேஸ்ட் பண்ணிட்டார்," என்று ஒரு நண்பர் சிரித்தார்.

சித்தப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஹெட்ல ஒரு குறையும் இல்ல. எங்க அண்ணன் கை பட்டது அது. ஓட்டுறவனுக்குத்தான் பத்தல." தன் மேல் தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அப்பா போய் பைக்கைத் தூக்கி நிறுத்தினார். ஹேண்டிலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "கழட்டிக் கொடுடா, இன்னும் அரை எம்.எம். எடுத்துப் பார்க்கலாம்," என்றார்.

"நக்கோண்ணா, வேணாம். இதுக்கு மேல எடுத்தா தாங்காது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து, அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்கள். அப்பா எடுக்கவே இல்லாததில் இன்னும் எப்படி எடுப்பது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் திருதிருவென விழித்தேன். உண்மை தெரிந்தவர்கள் அங்கே அப்பாவும் நானும் மட்டும்தான் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.