புளியமரத்துக்குக் குறுக்குவழி

லிஸ்பன் நகரில் குன்றின் உச்சியில் ஒரு சதுக்கம். கீழே பழைய நகரம் சிவப்பு ஓடுகளாக ஆற்றங்கரை வரை இறங்குகிறது. கதிரை, அலுமாரி என்ற எங்கள் சொற்கள் போர்த்துக்கீசரோடு இங்கிருந்துதான் மன்னாருக்குக் கப்பலேறின என்று மகளுக்கு அளந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டால்தானே! படம் எடுக்கக் குட்டைச் சுவரைத் தாண்டிப் புல் சரிவில் கால் வைத்தாள். "நில்லு!" என்று கத்திவிட்டேன். சாளை மீன் சுட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"புல்லுத்தானே அப்பா?"

புல்லுத்தான். மன்னாரில் எங்கள் ஊரான அரிப்பில் அன்று வெறும் மணல்தான்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பிய புதிது. எங்கள் காணியில் மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. கடலோரம் வெள்ளைக்காரத் துரையின் இடிந்த மாளிகை நிற்கும் மேட்டில் ஏறினால் காணி தெரியும் என்றார்கள். அப்பாவைக் கூட்டிப் போனேன்.

"அங்க பாருங்கோ, எங்கட புளி நிக்குது!" என்று கை நீட்டியவன் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டு நிமிர்கிறேன், அப்பா மேட்டால் இறங்கி, எச்சரிக்கைக்கு நட்டிருந்த சிவப்புத் தடிகளையும் தாண்டி, மரத்தைப் பார்த்து நேரே நடந்துகொண்டிருக்கிறார். மிதிவெடி வகுப்பில் முன்வரிசையில் இருந்து நித்திரை கொண்ட மனிதர்.

"அப்பா, நில்லுங்கோ! தடிக்கு உள்ளுக்கு நிக்கிறியள்!"

தூக்கிய காலோடு நின்றார். ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது.

"நடந்து வந்த அடியிலயே காலை வைச்சுத் திரும்பி வாங்கோ. அவசரப்படாதேங்கோ."

மணலில் செருப்புத் தடம் தெரிந்தது. ஆனால் கச்சான் காற்று எழும்பியிருந்தது. தடங்களின் ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடியாகத் தேடித் தேடி வைத்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"தம்பி, புளி காய்ச்சிருக்கோ? எனக்குக் கண் வடிவாத் தெரியேல்ல."

"ஓம், காய்ச்சிருக்கு. வாங்கோ!" என்றேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

தடியைத் தாண்டி வந்தவரைக் கட்டிப்பிடித்து வாயில் வந்தபடி ஏசினேன். பிறகு காணி துப்புரவாகிக் கைக்கு வந்தது. சாகும்வரை அப்பா அந்த மரத்துக்கு வண்டிப்பாதையால் சுற்றித்தான் போனார்.

போன வருடம் ஊருக்குப் போனேன். மேட்டின் கீழே புதுத் தார் வீதி. புளியைத் தறித்துவிட்டார்கள். சிவப்புத் தடிகள் எங்கே நின்றன என்று கேட்டேன், ஒருவருக்கும் ஞாபகமில்லை. பிள்ளைகள் அங்கே பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வீதியை விட்டு இறங்காமலே திரும்பி வந்தேன்.