வெளிச்சமாக்கு

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது மாமாவின் புண்ணியத்தில். தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான லா கூர்னெவிலிருந்து ரயிலேறி வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஓர் இயங்குதளத்தை அதில் ஏற்றித் தந்தார். அது 2009. எனக்கு ஒன்பது வயது.

அப்பாவுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் உணவகச் சமையல் வேலை. மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் வீட்டுக்கு வருவார். வந்ததும் கணினியின் முன் உட்காருவார். அவருக்கு வேண்டியது ஒரேயொரு படம். லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பியது. ஊரில் ஓர் அகதி முகாம்; முள்கம்பிக்குப் பின்னால் தண்ணீருக்கு நிற்கும் சனம். அதற்கும் பின்னால், கூடாரத்து இருட்டில், மெலிந்த ஒரு மனிதர். போரின் கடைசி மாதங்களில் தொடர்பு அறுந்துபோன தன் அண்ணன், அதாவது என் பெரியப்பா, அவர்தான் என்று அப்பா நம்பினார்.

"இதைக் கொஞ்சம் வெளிச்சமாக்க ஏலுமோ?" என்று மாமாவிடம் கேட்டார்.

அதற்கு மென்பொருள் இருந்தது. ஆனால் அதன் பிரெஞ்சுப் பட்டியல்களுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அப்பாவின் இடைவேளை முடிந்துவிடும். மாமா, கோப்புகளைத் திறந்து காட்டும் செயலியின் அமைப்புகளுக்குள் போய், அதன் பட்டியலில் சேர்க்க ஒரு பெயரையும் ஒரு வரிக் கட்டளையையும் எழுதினார். படங்களுக்கு மட்டுமே அது தோன்ற வேண்டும் என்றும் குறித்தார்.

"இனி மௌஸின்ரை வலப்பக்கத்தை அமத்துங்கோ, அத்தான்."

பிரெஞ்சில் இறங்கிய பட்டியலின் அடியில், தமிழில் ஒரு சொல் நின்றது: வெளிச்சமாக்கு. அதைத் தொட்டால், சற்று வெளிச்சமான பிரதி ஒன்று மூலப்படத்தின் பக்கத்தில் வந்து விழும்.

அப்பா பிரதியிலிருந்து பிரதி எடுத்தார். இருட்டிலிருந்து நெற்றி வந்தது, கன்னம் வந்தது. பிறகு எல்லாம் வெளிறிச் சுண்ணாம்பாயிற்று. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. கோப்புறை முழுவதும் அதே படம். அப்பாவுக்குக் கணினி பிடிபடவில்லை என்று நான் முடிவுகட்டினேன். ஒருமுறை செய்தால் போதும் என்று பிரெஞ்சில் விளக்கியும் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை," என்றார்; அழுத்தினார்.

குளிர்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெரியப்பா உயிரோடு இருந்தார். அப்பா குசினிக்குள் அடுப்படியில் நின்று சத்தமாக அழுதார். அம்மா கேசரி கிண்டினார். படத்தைப் பற்றி விசாரித்ததில், அந்த முகாமில் தான் இருந்ததேயில்லை என்று பெரியப்பா சொன்னாராம். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அப்பா அதே படத்தைத் திறந்தார்.

"அது பெரியப்பா இல்லையே," என்றேன்.

"ஓம். இல்லைத்தான்."

முகம் நன்றாகத் தெரிந்த பிரதியொன்றைத் தேர்ந்து அச்செடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு ரூ லூயி-பிளாங் தெருவில், எங்கள் சனம் ஊருக்குப் பேச வரும் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய், கடைக்காரரிடம் கேட்டு, வெளிக் கண்ணாடியில் ஒட்டினார். மரக்கறிப் பையோடு வந்த ஒரு பெண்மணி நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றனர்.

யாரென்றே தெரியாத ஒருவரின் படத்தில் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. குளிர் காதைக் கடித்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறு பிள்ளை," என்றார். "அவ பாத்து முடிக்கட்டும்."