மான்பகதூர் இறங்கிய படிகள்

மான்பகதூர் தமாங் நார்த்மீட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறான். பக்கத்து ஊரான ஹரிஸ் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. என்னைத் திதி என்பான். அவர்கள் மொழியில் அக்கா. எங்களுக்குள் ஆங்கிலம்தான், ஆனால் அவன் பேச்சை என் தமிழில்தான் எனக்குச் சொல்ல வரும்.

நேபாளத்தில் அவன் சுமை தூக்கியவன். அவனுடைய பாட்டன் வெள்ளைக்காரரின் மலையேறும் குழுக்களுக்குக் கூடாரமும் மண்ணெண்ணெயும் சுமந்தவர். பிறகு நடந்து பார்க்க உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள்; தகப்பன் அவர்களுடைய மேசை கதிரைகளைச் சுமந்தார். இவன் பதினாறு வயதில் நெற்றியில் பட்டி மாட்டி முதுகில் முப்பது கிலோ சுமந்தவன். உச்சியில் கொடியோடு நிற்பவரின் படம் புத்தகத்தில் வரும், கதிரை சுமந்தவனின் பெயர் ஒரு மூலையிலும் வராது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சிரிப்பான்.

என் கணவர் நித்தியானந்தனுக்கு அறுபது வயது, சீனி வருத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக வீம்பு. வருகிற ஒக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறாராம்.

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், காலை ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று புறப்பட்டார். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, சகுனம் பிழைக்கும் என்று வளர்ந்தவள் நான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அந்த விசர் என்னை விடவில்லை.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நான் எடுத்தாலும் அவருடைய ஃபோன் அடிக்கவே இல்லை. பொலிஸுக்கு எடுத்தேன். "எந்தப் பாதையில் போனார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நடந்து பழக அவர் போவது புளூ மவுண்டன்ஸ்தான் என்றேன். அந்த மலையில் எத்தனை பாதை! மனைவிக்கே தெரியவில்லையா என்று அந்தப் பெண் கேட்கவில்லை, ஆனால் நான் வெட்கத்தில் செத்தேன்.

மூன்று மணிக்கு மான்பகதூர் வேலையால் வந்தான். சொன்னேன். அவன் கதிரையில்கூட உட்காரவில்லை.

"பையில என்ன கொண்டு போனவர், திதி?"

"தண்ணிப் போத்தல். வேற தெரியேல்லை."

குசினிக்குள் போய்ப் பார்த்தான். பத்துக் கிலோ அரிசிப் பையைக் காணவில்லை.

"சுமையோட ஏற எங்க பழகலாம் எண்டு கேட்டவர். வென்ட்வர்த் ஃபோல்ஸ் அருவிக்கு இறங்கிற படியளைச் சொன்னனான். தனியப் போகாதேங்கோ எண்டும் சொன்னனான். கார்த் திறப்பை எடுங்கோ."

அவருக்குச் சீனி இறங்கியிருக்கும் என்று நான் ஜூஸ் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே போய்ச் சேர நாலேகால். எங்கள் மற்றக் கார் தரிப்பிடத்தில் நின்றது. பொலிஸுக்குச் சொன்னோம், ஆட்கள் வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். ஐந்தரைக்கு இருட்டிவிடும். குளிர் ஏற்கெனவே கையைக் கடித்தது.

மான்பகதூர் இறங்கினான். நான் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கூப்பிட்டான். நாலாம் திருப்பத்தில் பதில் வந்தது, முனகல் மாதிரி.

பாறையோடு சாய்ந்து இருந்தார். முழங்கால் பந்தாய் வீங்கியிருந்தது, உடம்பெல்லாம் நடுக்கம். அரிசியோடு பை இன்னும் முதுகில். ஜூஸைப் பருக்கினோம். கொஞ்சம் தெளிந்ததும் வீம்பும் திரும்பிவிட்டது.

"நான் நடப்பன். விடுங்கோ."

எழும்பினார். இரண்டு படி ஏறி விழுந்தார். மான்பகதூர் முதுகைக் காட்டிக் குந்தினான். இவர் அவனைத் தள்ளிவிட்டார். நான் கத்தினேன், "உங்களுக்கு மூளை இருக்கோ?" என்று. அதற்கும் அசையவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று மான்பகதூர் கேட்டான்.

"நான் களைக்கிறதை நீ பார்ப்பாய் எண்டுதான்."

மான்பகதூர் குந்தியபடியே, திரும்பாமல் சொன்னான். "என்ர அண்ணனும் சுமை தூக்கினவன். களைச்சிட்டன் எண்டு அவன் சொல்லேலாது. சொன்னா அடுத்த தரம் ஆரும் சுமை குடுக்க மாட்டினம். ஐயாயிரம் மீற்றரில தலையிடியோட நடந்தவன். ஆரும் கேக்கவும் இல்லை. பின்னேரம் நான் திரும்பிப் போய்ப் பார்க்கேக்கை ஒரு கல்லிலை சாய்ஞ்சு இருந்தவன், இப்ப நீங்கள் இருந்த மாதிரி. சுமை முதுகிலதான் இருந்தது. பிறகு அவன் எழும்பவே இல்லை."

பிறகு என் கணவர் பையின் பட்டியைத் தோளிலிருந்து கழற்றினார்.

"களைச்சுப் போனன், தம்பி. தூக்கு."

என் சால்வையை அவருக்குக் கீழாகக் கொடுத்து, முனைகளை முடிந்து நெற்றிப் பட்டியாக மாட்டிக்கொண்டு, அவரைச் சுமந்தபடி மான்பகதூர் எழும்பினான். நான் அரிசிப் பையை அந்தப் பாறையடியிலேயே விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஏறினேன்.