எதிரே உட்கார்ந்தவன்

போன மாதம் தெரணியகலையில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் மழைக்கு ஒதுங்குவது என்றால் அரை நாள் வேலை. ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தேன். அடுப்பில் ரப்பர் விறகு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஹயர் கிடைக்காத ஓர் ஆட்டோக்காரர் போனில் கரம் விளையாடிக்கொண்டிருந்தார். காய் குழியில் விழும் சத்தத்தைக்கூட போனில் வைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, ஒரு கேம் போடுவமா?" என்றார்.

எனக்குக் கரம் தெரியாது என்று சொன்னேன். பல ஊர்களில் சொல்லிப் பழகிய பொய். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தபோதும் சொன்னேன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியபோதும் சொன்னேன். நாக்குக்கு வழி தெரியும், தானாகவே போய்விடும்.

ஆனால் அந்தப் புகை இருக்கிறதே, அதனிடம் பொய் செல்லாது. ரப்பர் விறகுப் புகையில் ஒரு புளிப்பு வாசம் உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்துக் கரம் பலகை அந்த வாசத்தில்தான் வளர்ந்தது. சப்ரகமுவ மழையில் பலகை ஊதிப்போகும், ஸ்ட்ரைக்கர் சேற்றில் நடப்பதுபோல் நகரும். பவுடரைக் கொட்டினால் களியாகிவிடும். அதனால் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூட்டில், தொங்குகிற ஷீட்டுகளுக்கு நடுவே, பலகையையும் காய்களையும் வைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் துடைத்தால் கண்ணாடி மாதிரி ஓடும். ஒரே குறை, வெள்ளைக் காயெல்லாம் பால் ஊற்றாத சாயத்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். முதன்முதலாக டவுனில் போட்டிக்குப் போனபோது, அங்கிருந்த வெள்ளைக் காய்களைப் பார்த்து எனக்குக் கண் கூசியது. பாதி ஆட்டம் வரை புது மாப்பிள்ளை மாதிரி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சட்டையில் புகை மணக்கிறது என்று டவுன்காரர்கள் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்கள். என் ஜோடி லிங்கம் அதைவிட நல்ல சிங்களத்தில், தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளியுங்கள், வாசம் போய்விடும் என்றான். அவன் வாய் அப்படி. அன்று அவர்கள் குளித்திருப்பார்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரே உட்காருகிறான். பேசக் கூடாது. முகத்தைப் பார்த்து ஆட வேண்டும். லிங்கத்தின் முகம் எனக்கு மனப்பாடம். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போட்டார்கள். என் மரங்களுக்கு அடுத்த வரிசை அவனுடையது.

ஒரு மழைக்காலத்தில் வெட்டுக்கத்தி வழுக்கி வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. கங்காணிக்குத் தெரிந்தால் என்னைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டு மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அப்பா இல்லாத வீடு. லிங்கம்தான் தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். அது ஆறும்வரை விடிவதற்கு முன்பே வந்து, தன் மரங்களை வெட்டி, பிறகு ஓடி வந்து என் மரங்களையும் வெட்டினான். சிரட்டைப் பாலை என் வாளியில் ஊற்றி என் கையில் கொடுப்பான். நிறுக்கிற இடத்துக்கு நான் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போவேன்.

"வெரல் ஒரு எடத்துலதான் இருக்கும் மச்சான். பேச்சுதான் ஊரெல்லாம் சுத்தும். எங்கம்மாகிட்டகூட சொல்லாத" என்றான்.

விரல் ஆறியது, ஆனால் சுண்டாது. உங்களுக்குக் கரம் தெரியாவிட்டால் இதைச் சொல்ல வேண்டும். காய் நம் கோட்டுக்குப் பின்னால், நம் வயிற்றுப் பக்கமாகக் கிடந்தால் அதைக் கட்டைவிரலால் பின்னோக்கிச் சுண்டித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ச் சுவரில் அடித்துத் திரும்பி வரச் செய்ய வேண்டும். அது வந்தால் வரும். அதனால் லிங்கம் தன் முறையில் முதலில் என் பக்கத்துக் காய்களைத்தான் துடைப்பான். எதிரே இருப்பவனுக்கு அவை நேர் காய்கள். இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். பார்த்தவர்கள் எனக்குப் பத்து விரலும் சுண்டும் என்றே நம்பினார்கள்.

எஹலியகொடையில் ஒரு ஹார்ட்வெயார் கடை முதலாளி போட்டி வைத்தார். அவருக்குக் கரம் பைத்தியம். கொழும்பில் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களுக்குத் தன் கடைப் பெயரில் ஆள் அனுப்ப ஆசை. நன்றாக ஆடுகிறவர்களைக் கடையில் வேலைக்கு எடுப்பார் என்று பேச்சு. நிழலில் வேலை, காலில் செருப்பு. நாங்கள் குடியிருந்த லயத்தில் எங்கள் அம்மா அதற்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். நானும் நீளக் காற்சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். ஜோடியாக வருகிறவர்களை ஜோடியாகத்தானே எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

இறுதியாட்டத்தில் எதிர் ஜோடி அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள். மூத்தவர் சுனில், அமைதியான மனுசர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். சுனில் தன் காயைப் போடுவதைவிட, எங்கள் காய்களை என் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்துவதில் குறியாக இருந்தார். என் முறை வரும், நான் எதிர்ச் சுவரில் அடித்துத் தவறவிடுவேன். லிங்கத்தின் முறை வரும், அவன் நேரே பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக விழுத்துவான். கூட்டம் அவனுக்குக் கை தட்டியது. ஒருவன் ஆட ஒருவன் தடவிக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்படி நிற்கும்? தோற்றோம். முகத்தைப் பார்த்து ஆட வேண்டிய லிங்கம் அன்று முழுக்கப் பலகையை மட்டும்தான் பார்த்தான்.

முடிந்ததும் தேத்தண்ணி கொடுத்தார்கள். சுனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மல்லி" என்று தம்பி முறை சொல்லித் தொடங்கி, கட்டைவிரல் இன்னும் வலிக்கிறதா, எண்ணெய் ஏதாவது போடுகிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். என் விரல் விஷயம் எனக்குத் தெரிந்தே தன்னிடம் வந்தது என்று நினைத்திருக்கிறார். நான் லிங்கத்தைத் தேடினேன். அவன் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "சுனிலுக்கு என் வெரல் எப்புடித் தெரியும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

"மொதலாளி ஒரு ஆளுதான் வேணும்னாரு மச்சான்."

அவ்வளவுதான் சொன்னான். கேட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை.

தோட்டத்தில் யாராவது டவுன் வேலைக்குப் போனால் நாங்கள் கரம் ஆடும் கிளப்பில் மாலை போட்டு அனுப்புவது வழக்கம். லிங்கம் கடை வேலைக்குக் கிளம்பிய அன்று, ஜோடிதானே, நீயே போடு என்று என் கையில் மாலையைக் கொடுத்தார்கள். போட்டேன். அவன் தலை குனிந்தான், மாலைக்காகத்தான்.

அடுத்த போட்டிக்குக் கிளப்பிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்றேன். அதற்கடுத்ததற்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு தோட்டத்தையே விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து கலவானையில் தேயிலைக் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றும்போது, ஒரு தடவை மட்டும், போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஜோடியாகக் கிடைத்தவர் நல்ல மனுசர். உட்கார்ந்ததும் எல்லா ஜோடியும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வராதுங்க? சொன்னீங்கன்னா நான் பாத்துக்குவேன்."

பதில் வாய்வரை வந்தது. எழுந்து பெயரை வெட்டச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு எந்தப் பலகையிலும் உட்காரவில்லை.

அன்றைக்குத் தெரணியகலையில் மழை விட்டதும், பக்கத்தில்தான் இருந்த எங்கள் பழைய தோட்டம்வரை போய்ப் பார்த்தேன். கிளப் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். என்னை விசாரிக்க ஆளில்லை. நேரே எங்கள் மரங்கள் இருந்த சரிவுக்கு ஏறினேன். லிங்கம் என்னைவிடக் கொஞ்சம் ஆழமாக வெட்டுகிறவன். அவன் கத்தி பட்ட பட்டை ஆறிய பிறகும் மேடாகப் புடைத்து நிற்கும். என் மரங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு அவன் கை இருந்தது, அதன் மேலும் கீழும் என் கை. பால்வெட்டுத் தெரிந்த யாரும் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம், இங்கே இன்னொருவன் வந்து வெட்டியிருக்கிறான் என்று. அவன் எனக்குச் செய்ததற்கு அந்த மரங்கள்தான் சாட்சி. இப்போது சரிவு முழுக்கக் கருவாப்பட்டைச் செடி நட்டிருந்தார்கள். ரப்பர் மரத்தில் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டிருந்தார்கள்.